மலை ஏன் இறங்குகிறது? மண்சரிவு பற்றி மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மழைக்காலம் தொடங்கிவிட்டால் எங்கள் பக்கத்தில் தூக்கம் குறைந்துவிடும். கூரைத் தகரத்தில் மழைச் சத்தம் கூடக்கூட, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் நிற்கும் மண்மேட்டின் நினைப்பும் கூடும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து போனபோது இலங்கை முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் வெள்ளத்தைவிட மண்தான் அதிகம் பேரைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு சொந்தக்காரர்களும் அயலவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சில கேள்விகளுக்கு நான்கு வரி போதும். சிலவற்றுக்குக் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும்.

மண்சரிவு என்றால் சரியாக என்ன?

சரிவான நிலத்தில் உள்ள மண்ணோ, கல்லோ, பாறையோ, மூன்றும் கலந்த திரளோ, தன் பாரத்தாலேயே கீழே நகர்வதுதான் மண்சரிவு. இழுப்பது புவியீர்ப்பு. அது எந்நேரமும் இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது. அந்த இழுப்பைத் தாங்கி நிற்பவை மண் துகள்களுக்கு இடையிலான உராய்வும் அவற்றின் ஒட்டுந்தன்மையும். இழுப்பு கூடினாலும் சரி, பிடிப்பு குறைந்தாலும் சரி, நிலம் இறங்கும். அடைமழையில் இரண்டும் ஒரே இரவில் நடந்துவிடுகின்றன.

தண்ணீர் மண்ணை வழுக்க வைக்கிறது, அதனால் சரிகிறது என்கிறார்களே?

பாதிதான் சரி. பிட்டுக்கு மா குழைப்பதை நினைத்துப் பாருங்கள். காய்ந்த மா கையில் நிற்காது, உதிரும். கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் குழைத்தால் பிடித்த பிடியில் நிற்கும். அளவு மீறித் தண்ணீர் விட்டால் கூழாகி ஓடிவிடும். மண்ணும் அப்படித்தான். ஓரளவு ஈரம் இருக்கும்போது, துகள்களுக்கு இடையே உள்ள மெல்லிய நீர்ப்படலம் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. வெட்டிய மண்மேடு வெயில் காலத்தில் செங்குத்தாகச் சுவர்போல் நிற்பதற்கு அந்த ஈரப்பிடிப்பும் ஒரு காரணம்.

மழை தொடர்ந்து பெய்து துளைகள் எல்லாம் நிரம்பிவிட்டால் கதை மாறுகிறது. பிடிப்பு போய்விடும். அதற்கு மேல், தேங்கிய தண்ணீர் துகள்களை உள்ளிருந்தே விலக்கித் தள்ளத் தொடங்கும். இதை நுண்துளை நீரமுக்கம் என்பார்கள். ஆற்றில் குளிக்கும்போது தண்ணீருக்குள் கிடக்கும் பெரிய கல்லை லேசாகப் புரட்டிவிடுகிறோம். அதே கல்லைக் கரைக்கு எடுத்தால் இடுப்பு ஒடிகிறது. தண்ணீர் கல்லைத் தூக்கிக் கொடுப்பதுதான் காரணம். மலைக்குள் தேங்கிய தண்ணீரும் மேலே உள்ள மண்ணை அப்படித்தான் தூக்கிக் கொடுக்கிறது. அடியில் உள்ள பாறையோடு அழுத்தம் குறைந்து, உராய்வு குறைந்து, பிடி விட்டுப்போகிறது.

பாரமும் ஏறுகிறது. நம் ஊர்க் கணக்கிலேயே பார்ப்போம். ஒரு பேர்ச்சஸ் ஏறத்தாழ 25 சதுர மீற்றர். 100 மில்லிமீற்றர் மழை என்றால் அந்த ஒரு பேர்ச்சஸில் 2,500 லீற்றர், அதாவது இரண்டரைத் தொன் தண்ணீர் விழுகிறது. முன்பு வீடு கட்டக் கொடுத்த 7 பேர்ச்சஸ் துண்டில் 17 தொன்னுக்கு மேல். ஓர் ஏக்கர் தேயிலை மலையில் 400 தொன். இதில் எவ்வளவு கானில், அதாவது வடிகாலில், ஓடி ஆற்றுக்குப் போகிறது, எவ்வளவு மண்ணுக்குள் இறங்கி நிற்கிறது என்பதில்தான் மலையின் தலைவிதி இருக்கிறது. மழை எவ்வளவு பெய்தது என்று மட்டும் கேட்டால் போதாது. பெய்த தண்ணீர் எங்கே போனது என்றும் கேட்க வேண்டும்.

நூறு வருஷமாக அசையாமல் நின்ற மலை இப்போது ஏன் இறங்குகிறது?

அந்த நூறு வருஷமும் மலைக்குள் வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. நம் மத்திய மலைநாட்டின் அடியில் இருப்பவை மிகப் பழைய உருமாறிய பாறைகள்: நைஸ், சார்னோக்கைட், குவார்ட்சைட், அங்கங்கே பளிங்குச் சுண்ணாம்புக்கல். வெயிலும் மழையும் வேர்களும் சேர்ந்து இந்தப் பாறைகளை மெல்ல மெல்ல உக்க வைக்கின்றன. பள்ளிக்கூடப் புவியியல் புத்தகத்தில் 'வானிலையாலழிதல்' என்று படித்தோமே, அதுதான். சில இடங்களில் இந்த உக்கிய படை பல மீற்றர் ஆழம் இருக்கும். மேலே பார்த்தால் பச்சைத் தேயிலை, கீழே உறுதியில்லாத மண்.

1830களிலிருந்து கோப்பிக்காகவும், கோப்பி நோயில் அழிந்த பிறகு தேயிலைக்காகவும் காடு அழிக்கப்பட்டது. ஆழமாக வேர்விட்ட மரங்கள் போயின. அதற்குப் பிறகு வீதி, ரயில் பாதை, லயம், கடை, வீடு என்று ஒவ்வொன்றுக்கும் மலையின் காலை வெட்டினோம். மலையின் அடியில் இருக்கும் மண்தான் மேலே உள்ள மண்ணுக்கு முட்டு. முட்டு போனால் சுமை தொங்கும்.

கான்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய தோட்டங்களில் கான் வெட்டுவதும் அதைத் துப்புரவாக வைத்திருப்பதும் ஒரு முக்கியமான வேலை. மழைத்தண்ணீரைச் சரிவின் குறுக்கே எடுத்துப் போய், ஆபத்தில்லாமல் ஓடையில் விடும் வழி அது. இன்று ஆள் பற்றாக்குறையில் எத்தனையோ மலைகளில் கான்கள் மண் நிறைந்து, புல் மூடிக் கிடக்கின்றன. அடைபட்ட கானில் நிற்கும் தண்ணீர் வெளியே ஓட வழியில்லாமல் மண்ணுக்குள் இறங்குகிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். ஒரு நாள் வேலையில் செய்யக்கூடிய காரியம் ஓர் ஊரின் உயிரோடு சம்பந்தப்பட்டது.

ஆக, உக்கிய பாறை, செங்குத்தான சரிவு, வெட்டிய அடிவாரம், அடைத்த வடிகால் எல்லாம் மலையைத் தயார்ப்படுத்தி வைக்கின்றன. மழை கடைசியில் வந்து தட்டிவிடுகிறது.

ஒரே மலையில் ஒரு பக்கம் சரிகிறது, மறுபக்கம் சரிவதில்லை. அது எப்படி?

பாறைப் படைகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது. சாய்த்து வைத்த புத்தக அடுக்கை நினைத்துக்கொள்ளுங்கள். படைகள் சாயும் அதே பக்கமாக நிலமும் சரிந்தால், மேலே உள்ள மண் அந்தப் படையின் மேல் வழுக்கிப் போகலாம். எதிர்ப்பக்கம் செங்குத்தாக இருக்கும். அங்கே வழுக்குவது குறைவு, ஆனால் பாறைத் துண்டுகள் உடைந்து விழும். விழுந்தவை அடிவாரத்தில் பல நூற்றாண்டுகளாகக் குவிந்து ஒரு தளர்ந்த மண்திட்டு உண்டாகும்.

இந்தக் கடைசி விஷயத்தைக் கவனியுங்கள். பழைய சரிவுகள் கொண்டுவந்து கொட்டிய மண் ஓரளவு சமதளமாக இருக்கும், ஊற்றுத் தண்ணீர் கிடைக்கும், பயிர் நன்றாக வரும். அதனால்தான் மனிதர்கள் அங்கே குடியேறுகிறார்கள். பெரிய பெரிய கற்கள் மண்ணோடு கலந்து தாறுமாறாகக் கிடக்கும் சரிவில், செங்குத்துப் பாறையின் காலடியில் உங்கள் வீடு இருந்தால், அந்த நிலமே முன்பு ஒரு நாள் இறங்கி வந்த நிலமாக இருக்கலாம். ஒரு தடவை நகர்ந்த மண் மறுபடி நகர்வது சுலபம்.

மண்சரிவில் எத்தனை வகை உண்டு? வகை தெரிந்து நமக்கு என்ன ஆகப்போகிறது?

நிறைய ஆகும். ஒரு வகையில் மாதக்கணக்கில் அவகாசம் இருக்கும், இன்னொரு வகையில் செருப்புப் போட நேரம் இருக்காது. எது எப்படி வரும் என்று தெரிந்தால்தான் எதைப் பார்த்துப் பயப்படுவது என்று தெரியும்.

நம் ஊரில் அதிகம் நடப்பது வெட்டிய மண்மேடு இடிந்து விழுவது. பத்திரிகையில் பெயர்கூட வராது. லயத்துக்குப் பின்னால், கடைக்குப் பின்னால், வீதியோரத்தில் திடீரென்று விழும். சின்னதுதானே என்று எண்ணக்கூடாது. 3 மீற்றர் அகலம், 3 மீற்றர் உயரம், 1 மீற்றர் தடிப்பில் ஈரமண் விழுந்தால் அது 16 தொன்னுக்குக் குறையாது. குசினிச் சுவருக்கு அந்த அடி தாங்காது.

அடுத்தது சுழன்று இறங்கும் சரிவு. தடித்த மண்படை உள்ள இடத்தில், கரண்டியால் தயிரை அள்ளியதுபோல் வளைவான பள்ளம் விழும். மேல் விளிம்பில் பிறை வடிவில் வெடிப்பு வரும். மேலே நிலம் தாழும், கீழே புடைக்கும். இதற்கு மாறாக, பாறை மேல் கிடக்கும் மண் பலகைபோல் அப்படியே வழுக்கி இறங்குவது இன்னொரு வகை. பாறைப் படை சாயும் பக்கத்தில் இது அதிகம்.

எல்லாவற்றையும்விட உயிர் குடிப்பது சேறும் கல்லும் கலந்து ஓடும் ஓட்டம். மேலே எங்கோ ஒரு சரிவு தொடங்கும். தண்ணீரோடு கலந்து குழம்பாகி, ஓடை வழியே இறங்கும்போது வழியில் உள்ள மரம், கல், வீடு எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு வரும். 2016 மே 17 அன்று கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் சாமசர மலையில் நடந்தது இதுதான். மூன்று நாளில் 400 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்திருந்தது. மண் ஏறத்தாழ 2 கிலோமீற்றர் தூரம் ஓடி, அடிவாரக் கிராமங்களை மூடியது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக நூற்றுக்கு மேற்பட்டவர்கள். சரிவு தொடங்கிய இடத்துக்கும் வீடுகள் இருந்த இடத்துக்கும் நடுவில் இருந்த தூரம் யாரையும் காப்பாற்றவில்லை. "மலை எங்கோ தள்ளி இருக்கிறது" என்று அதற்குப் பிறகும் யாராவது சொன்னால் எனக்குப் பதறுகிறது. ஓடை வாயில் இருக்கும் வீட்டுக்கு மலை தள்ளி இருப்பதில்லை.

பாறை விழுதல் தனி வகை. வெடிப்புக்குள் இறங்கும் தண்ணீரும் வேர்களும் பாறையைப் பிளந்து பிளந்து, ஒரு நாள் ஒரு துண்டு கழன்று உருளும். மழை இல்லாத நாளிலும் நடக்கும்.

கடைசியாக, கண்ணுக்குத் தெரியாமல் ஊர்ந்துபோகும் நிலம். வருஷத்துக்குச் சில மில்லிமீற்றர், சில சென்றிமீற்றர். அடிமரம் வளைந்து மேலே நிமிர்ந்த மரங்கள், சாய்ந்த விளக்குக் கம்பங்கள், திரும்பத் திரும்பப் பூசியும் அதே இடத்தில் வெடிக்கும் சுவர், இவைதான் அதன் கையெழுத்து. வட்டவளையில் ரயில் பாதையையே நகர்த்திய பெரிய சரிவு மெல்ல நகர்ந்த வகையைச் சேர்ந்தது. 1990களில் நிலத்துக்குள் தேங்கிய தண்ணீரை வடியவிட்டுத்தான் அதை அமைதிப்படுத்தினார்கள். தண்ணீருக்கு வழி விட்டால் ஒரு மலையே நிற்கும் என்பதற்கு ஹட்டன் பக்கத்து ஆட்களுக்கு வேறு உதாரணம் தேவையில்லை.

தேயிலைச் செடி மண்ணைப் பிடித்து வைத்திருக்காதா? மரம் நட்டால் போதுமா?

நெருக்கமாக வளர்ந்த தேயிலை மேல்மண் அரிப்பைத் தடுக்கும். ஆழமான சரிவைத் தடுக்காது. விதைத் தேயிலைக்கு ஆணிவேர் உண்டு. வெட்டுத்தண்டிலிருந்து வளர்க்கும் வீ.பி. தேயிலைக்கு அது இல்லை. வேர் எட்டும் ஆழத்துக்குக் கீழே சரிவு தொடங்கினால், செடியும் மண்ணும் சேர்ந்தே இறங்கும். சரிந்த மலையில் தேயிலைச் செடிகள் நிரை கலையாமல் அப்படியே கீழே வந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

மரம் நல்லது. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது: மரத்தை வெட்டிய உடனே ஆபத்து வருவதில்லை. வேர்கள் மண்ணுக்குள் சில வருஷம் உயிரற்றுப் பிடித்துக்கொண்டிருக்கும். அவை உக்கிப்போன பிறகுதான் பிடிப்பு முழுவதும் போகும். யூக்கலிப்டஸ் தோப்பையோ சவுக்கையோ வெட்டி நாலைந்து வருஷம் கழித்துச் சரிந்தால், காரணத்தை அன்றைய மழையில் மட்டும் தேடுவோம். வெட்டியது நினைவில் இருக்காது.

லயத்துக்குப் பின்னால் மண்மேடு இருக்கிறது. நாங்கள் என்ன செய்யலாம்?

முதலில் மேட்டுக்கு மேலே ஏறிப் பாருங்கள். பெரும்பாலானோர் கீழே நின்றுதான் பார்க்கிறோம். மேட்டின் உச்சியில் குளம்போல் தண்ணீர் நிற்கிறதா, மேலேயுள்ள கான் உடைந்து இந்தப் பக்கம் பாய்கிறதா, யாருடைய குளியலறைத் தண்ணீராவது அதில் விடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மலசலகூடக் குழி மேட்டின் விளிம்பில் இருந்தால் அது வருஷம் முழுவதும் பெய்யும் மழைக்குச் சமம். மேட்டுக்கு மேலே குறுக்காக ஒரு கான் வெட்டி, தண்ணீரைச் சரிவுக்கு வெளியே, கல்லோ சிமெந்தோ பதித்த வழியால் ஓடைக்கு விடுங்கள். அதைத் தலைகீழாகச் செய்து, தண்ணீரைப் பக்கத்து லயத்துப் பக்கம் திருப்பிவிடக் கூடாது.

கூரைத் தண்ணீருக்குப் பீலி வையுங்கள். தகரக் கூரையிலிருந்து மேட்டின் காலடியில் விழும் தண்ணீர் மேட்டுக்கு முட்டாக நிற்கும் மண்ணை அரித்துத் தின்கிறது.

மேட்டை இன்னும் கொஞ்சம் வெட்டி குசினியைப் பெரிதாக்கலாம் என்ற ஆசை வரும். ஒரு காம்பராவில் ஆறு பேர் படுக்கும் வீட்டில் அந்த ஆசையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. என்றாலும் மேட்டின் அடியை வெட்டாதீர்கள். புதிதாகக் கட்டுவதாக இருந்தால், சுவருக்கும் மேட்டுக்கும் நடுவில் குறைந்தது மேட்டின் உயரத்துக்குச் சமமான இடைவெளி வேண்டும் என்பது என் கருத்து. இடம் இல்லாதவர்கள், மழை இரவுகளில் மேட்டுப் பக்கத்து அறையில் பிள்ளைகளைப் படுக்க வைக்காதீர்கள். வாசல் பக்கம் படுக்கட்டும். இதற்குக் காசு செலவில்லை.

வெட்டுச் சரிவில் வெட்டிவேர் நடலாம். அதன் வேர் 2, 3 மீற்றர் நேராகக் கீழே இறங்கும். வாழையும் மரவள்ளியும் செங்குத்து மேட்டில் வேண்டாம். கிழங்கு பிடுங்கும்போதெல்லாம் மண்ணைத் தளர்த்துகிறோம்.

தடுப்புச் சுவர் கட்டிவிட்டோம். இனிப் பயமில்லைதானே?

சுவரில் தண்ணீர் வடியத் துளைகள் இருக்கின்றனவா? அவற்றுக்குப் பின்னால் சல்லிக்கல் போட்டிருக்கிறார்களா? துளையில் மழை நேரத்தில் தண்ணீர் வருகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் ஓரளவு நிம்மதி. துளை இல்லாத சுவர் ஓர் அணைக்கட்டு. 3 மீற்றர் உயரச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் முழுவதும் தேங்கினால், சுவரின் ஒவ்வொரு மீற்றர் நீளத்தையும் தண்ணீர் மட்டுமே ஏறத்தாழ நாலரைத் தொன் விசையில் தள்ளும். மண்ணின் தள்ளு வேறு. பிறகு மண்ணோடு சுவரும் சேர்ந்து வீட்டின் மேல் விழும். ஆழத்தில் தொடங்கும் பெரிய சரிவுக்கு எந்தச் சுவரும் ஒரு தடையே அல்ல.

எந்த மாதங்களில் அதிகம் பயப்பட வேண்டும்?

எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மேற்குச் சரிவில், கினிகத்தேனை, வட்டவளை, நோர்வூட் பக்கம், மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவமழை. கிழக்குச் சரிவில், பதுளை, லுணுகலை, வலப்பனை பக்கம், டிசம்பர் முதல் பெப்ரவரி வரையான வடகீழ்ப் பருவமழை. 1986 ஜனவரியிலும் 2007 ஜனவரியிலும் நடந்த பெரிய சரிவுகள் அந்தக் காலத்தவை. இரண்டுக்கும் நடுவில் ஒக்டோபர், நவம்பர் மாதங்கள் இரு பக்கத்துக்கும் பொது. புயலும் தாழமுக்கமும் அப்போது அதிகம் வரும். 2014-ல் கொஸ்லந்தை மீரியாபெத்தைத் தோட்டத்தை மூடிய சரிவு ஒக்டோபரில் நடந்தது. டித்வா நவம்பரில்.

மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எச்சரிக்கை என்கிறார்களே, அதன் அர்த்தம் என்ன?

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வெளியிடும் எச்சரிக்கை அது. மஞ்சள் என்றால் விழிப்பாக இருங்கள். செம்மஞ்சள் என்றால் கிளம்ப ஆயத்தமாகுங்கள். சிவப்பு என்றால் வெளியேறுங்கள்.

இதற்கு அடிப்படையாக அவர்கள் வைத்திருக்கும் மழை அளவை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் கவனம். 100 தாண்டி மழை இன்னும் பெய்தால் ஆயத்தம். 150 தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால், அறிவிப்புக்குக் காத்திராமல் வெளியேற வேண்டிய நிலை.

மழையை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமும் தட்டையான அடியும் உள்ள கண்ணாடிப் பாத்திரம் ஒன்று, ஓர் அடிமட்டம், போதும். மரமும் கூரையும் மறைக்காத வெட்டவெளியில் வைத்து, தினமும் காலையில் ஒரே நேரத்தில் அளந்து கொட்டிவிடுங்கள். உங்கள் மலையில் பெய்யும் மழை டவுனில் பெய்யும் மழை அல்ல. பள்ளிப் பிள்ளைகள் ஒரு கொப்பியில் எழுதி வைத்தால், அது தோட்டத்துக்கே பயன்படும் பதிவேடு.

சரிவதற்கு முன் நிலம் ஏதாவது காட்டுமா?

பெரும்பாலும் காட்டும். எங்கள் அம்மாயி, அம்மாவின் அம்மா, படித்தவர் அல்ல. ஆனால் மழை நாட்களில் விடியற்காலையில் ஊற்றுத் தண்ணீர் விழும் பீலிக்குப் போய் முதல் குடத்தை நிரப்பியதும் தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு நாள், எப்போதும் தெளிவாக வரும் பீலித் தண்ணீர் சிவந்து கலங்கி வந்தது. குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்து, லயத்தில் எல்லாரையும் எழுப்பிக் கோயிலடிக்கு நடக்க வைத்தார். சிலர் முணுமுணுத்தார்கள். மத்தியானம் கடைசி இரண்டு காம்பராக்களுக்குப் பின்னால் இருந்த மேடு இறங்கி, சுவரை உடைத்து உள்ளே வந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

தெளிந்த ஊற்று கலங்குவது, இல்லாத இடத்தில் புதிதாக ஊற்று வருவது, ஓடிய ஊற்று நின்றுபோவது, இவை நிலத்துக்குள் தண்ணீரின் வழி மாறிவிட்டதைச் சொல்கின்றன. அடைமழையிலும் ஓடையில் தண்ணீர் திடீரென்று குறைந்தால், மேலே எங்கோ மண் விழுந்து அடைத்திருக்கிறது. அது உடைந்து வரும்போது எல்லாவற்றையும் கொண்டு வரும். அந்த நேரம் ஓடைப் பக்கம் நிற்கவே கூடாது. நிலத்தில் பிறைபோல் வெடிப்பு, கதவும் ஜன்னலும் திடீரென்று இறுகிப்போவது, மரமும் கம்பமும் சாய்வது, வேர் அறுபடும் சத்தம், மலைக்குள் உறுமல், எல்லாம் அதே செய்தியைச் சொல்பவை.

வெடிப்பைக் கண்டால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு முளை அடித்து, நடுவிலுள்ள தூரத்தை அளந்து எழுதுங்கள். மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் களிமண்ணால் அடைத்து, மேலே பிளாஸ்டிக் விரிப்பைப் போடுங்கள். கிராம உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் அழைக்கலாம். தூரம் கூடிக்கொண்டே போனால், யாரும் வந்து பார்க்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

மழை விட்டுவிட்டது. வீட்டுக்குத் திரும்பலாமா?

உடனே வேண்டாம். மேலோட்டமான சரிவு மழை கொட்டும் நேரத்திலேயே வரும். ஆழமான சரிவு அப்படி அல்ல. தண்ணீர் கீழே இறங்கிச் சேர நேரம் எடுக்கும். மழை நின்று ஒரு நாள், சில நாள் கழித்து, வெயில் அடிக்கும்போதே மலை இறங்கியிருக்கிறது. ஏற்கெனவே சரிந்த இடத்தின் மேல்விளிம்பு முட்டில்லாமல் நிற்பதால் மறுபடி விழும். பொருள் எடுக்கத் திரும்பிப் போனவர்கள் அகப்பட்டுக்கொள்வது அப்படித்தான்.

நிலநடுக்கமும் சுரங்கமும் காரணமாக இருக்க முடியுமா?

உலகின் பல இடங்களில் நிலநடுக்கம் பெரிய காரணம். இலங்கை மலைநாட்டில் மழைதான் முதல் காரணம். உமா ஓயா நீர்த் திட்டத்துக்காகத் தோண்டிய சுரங்கப் பாதைக்குள் 2014 கடைசியில் தண்ணீர் பாய்ந்த பிறகு பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. நிலத்தடித் தண்ணீர் வெளியேறியதால் நிலம் தாழ்ந்தது அது. சரிவு வேறு, தாழ்வு வேறு, இரண்டிலும் தண்ணீருக்குப் பங்கு உண்டு.

எச்சரிக்கை கொடுத்தும் சனங்கள் ஏன் போவதில்லை?

இந்தக் கேள்வியை வெளியூர்க்காரர்கள் கேட்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியாபெத்தைத் தோட்டத்தில் மலை இறங்கி லயங்களை மூடியது. பிள்ளைகளில் பலர் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, சிலருக்கு அப்பா அம்மாவும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005-லும் 2011-லும் எச்சரிக்கை இருந்தது. தெரிந்தும் ஏன் இருந்தார்கள் என்று கேட்கிறார்கள். வேறு எங்கே போவார்கள்? லயம் அவர்களுடையது அல்ல. நிலம் அவர்களுடையது அல்ல. வேலை அங்கேதான். மலைக்கு வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய பெயர் விழாது, அன்றைய சம்பளமும் இல்லை. ஒரு வாரம் பாடசாலை மண்டபத்தில் படுத்துவிட்டு, அதே காம்பராவுக்குத்தான் திரும்ப வேண்டும்.

எச்சரிக்கை என்பது பாதி வேலை. போய் இருக்க ஓர் இடம் தருவது மறுபாதி. பாதுகாப்பான நிலத்தில், சொந்தப் பெயரில் காணி உறுதிப் பத்திரத்தோடு வீடு கிடைத்தால், எங்கள் சனம் எச்சரிக்கை வருமுன்னே போய்விடும். இதைக் கேட்பதற்கு யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

புதிய காணி தருகிறார்கள். வீடு கட்டுமுன் என்ன பார்க்க வேண்டும்?

அந்தக் காணிக்கு மண்சரிவு அபாய அறிக்கை இருக்கிறதா என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1:10,000 அளவில் அபாய வரைபடங்கள் வைத்திருக்கிறது. பாறை, மேல்மண், சரிவின் அளவு, நீர்வழி, நிலப் பயன்பாடு, நில அமைப்பு எல்லாவற்றையும் பார்த்து வரைந்தவை. பேப்பரோடு நிறுத்திவிடாமல், அடைமழை நாளில் ஒரு தடவை காணிக்குப் போய் நில்லுங்கள். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பாருங்கள். பழைய ஓடையை மண் போட்டு நிரப்பிய துண்டாக இருந்தால் வாங்காதீர்கள். பக்கத்தில் உள்ள வயதானவர்களிடம் கேளுங்கள். அவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

இரவில் சத்தம் கேட்டால் எந்தப் பக்கம் ஓடுவது?

கீழே ஓடக்கூடாது. ஓடை வழியாக ஓடவே கூடாது. சேற்றோட்டத்தின் வேகத்துக்கு எந்தக் காலும் ஈடு கொடுக்காது. சரிவுக்குக் குறுக்காக, பக்கவாட்டில், மேடான வரம்பை நோக்கிப் போக வேண்டும். அந்த வழியைப் பகலில், நல்ல வெயில் நாளில், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடந்து பார்த்து வையுங்கள். டோர்ச் லைட், அடையாள அட்டை, மருந்து, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் ஒரே பையில், கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கட்டும். லயத்தில் நடக்க முடியாதவர்கள் யார், அவர்களை யார் தூக்கிப் போவது என்பதையும் அன்றைக்கே பேசி வையுங்கள். எங்கள் லயத்தில் இருக்கும் அந்தப் பட்டியலில் இப்போது நான்கு பேர்.